புயலுக்குக் கட்டிய கூண்டு

சிரித்தார்கள். 1854ஆம் ஆண்டு சூன் திங்களில், இலண்டன் மாநகரில், படித்த மேதைகளும் கப்பல் வணிகத்தால் கொழுத்த சீமான்களும் நிறைந்திருந்த காமன்ஸ் சபையில், ஜான் பால் என்னும் அயர்லாந்து உறுப்பினர் எழுந்தார். காற்றையும் மழையையும் பல இடங்களில் ஒரே முறையில் அளந்து குறித்து வருவோமானால், ஓயாது மாறும் நம் நாட்டு வானிலையைக்கூட இருபத்துநான்கு மணி நேரம் முன்னதாக இந்தத் தலைநகரில் அறிந்து கொள்ளும் காலம் சில ஆண்டுகளில் வரும் என்றார். மன்றம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றும் பாராளுமன்ற நடவடிக்கைக் குறிப்பிலே அச்சாகிக் கிடக்கிறது.

இன்று யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். எந்த மாவட்டத்தில் கனமழை, எந்த மாவட்டத்தில் தூறல் என்று கைப்பேசியைத் தடவிப் பார்க்கிறோம். (மாணவர்கள் பார்ப்பது, மறைப்பானேன், ஆசிரியர்கள் சிலர் பார்ப்பதுங்கூட, மழைக்காக அன்று, மாவட்ட ஆட்சித் தலைவர் பள்ளிக்கு விடுமுறை விடுவாரா என்பதற்காக!) ஆனால் சிரிப்பு செத்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. சொன்ன மழை பெய்யாவிட்டால் நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தார் மீது எத்தனை ஏளனம், எத்தனை கேலிச் சித்திரம்! அதே மழையைப் பஞ்சாங்கம் சொல்லிப் பொய்த்தால் யாராவது சிரித்ததுண்டா? பொய்த்த நாட்கள் மறக்கப்படும். என்றோ ஒரு நாள் பலித்துவிட்டால், "பஞ்சாங்கம் அன்றே சொன்னது" என்று ஊரெல்லாம் பரப்பப்படும். இந்த ஓரவஞ்சனையைப் பகுத்தறிவு பேசும் நம் தோழர்களிற் சிலரும் அறியாமலே செய்கிறார்கள் என்பதால்தான், நாளைய வானத்தைச் சொல்லத் துணிந்த முதல் மனிதரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பஞ்சாங்கம் நம் நாட்டின் தனிச்சொத்து என்று பெருமை கொள்வோரும் உண்டு; தனி இழிவு என்று நாணுவோரும் உண்டு. இரண்டும் தவறு. ஆங்கிலேயனும் தன் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டுதான் திரிந்தான். 1838ஆம் ஆண்டுக்கு பாட்ரிக் மர்பி என்பார் வானிலைப் பஞ்சாங்கம் ஒன்றை வெளியிட்டார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் மழையா, வெயிலா, உறைபனியா என்று கோள்களைக் கொண்டு 'கணித்து' எழுதியிருந்தார். சனவரி 20ஆம் நாள் அந்தக் குளிர்காலத்திலேயே மிகக் குளிர்ந்த நாளாக இருக்கக்கூடும் என்பது அதில் ஒரு வரி. அவ்வாறே அந்த நாள் நடுங்க வைத்தது! அவ்வளவுதான், புத்தகக் கடையை மக்கள் முற்றுகையிட்டனர். நாற்பத்தைந்து பதிப்புகள் விற்றன. பின்னர் எவரோ பொறுமைசாலி உட்கார்ந்து ஆண்டு முழுவதையும் கணக்குப் பார்த்தார். 168 நாட்கள் ஓரளவு சரி. 197 நாட்கள் முழுத் தவறு. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே பலித்திருக்கும்! ஆனால் அந்தக் கணக்கை வாங்கிப் படிக்கக் கூட்டம் கூடவில்லை.

இந்த நாட்டிலேதான், இந்த மக்களிடையேதான், ராபர்ட் பிட்ஸ்ராய் வந்து சேர்ந்தார்.

அவர் பெயரைக் கேட்டிராதவர்கள் அவருடைய கப்பலின் பெயரைக் கேட்டிருப்பார்கள். பீகிள்! டார்வினை ஏற்றிக் கொண்டு 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய அந்தக் கப்பலின் தலைவர் பிட்ஸ்ராய். கூர்தலறத்தை உலகுக்குத் தந்த பயணத்தை நடத்தியவர். ஆனால் அந்தக் கொள்கையைக் கடைசிவரை ஏற்காதவர். 1860ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் டார்வினுடைய நூலைப் பற்றி அனல் பறந்த சொற்போர் நிகழ்ந்தபோது, அவையில் எழுந்து விவிலியத்தை உயர்த்திப் பிடித்து, மனிதன் சொல்லைவிட இதை நம்புங்கள் என்று மன்றாடியவர் இந்தப் பிட்ஸ்ராய்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. மதப்பற்று மிக்க ஒருவரைப் பகுத்தறிவாளர் ஏட்டில் ஏன் போற்ற வேண்டும் என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். அவருடைய நம்பிக்கை அவரோடு போயிற்று. அவருடைய முறை நம்மிடம் நிற்கிறது. அதே ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்கு அவர் வந்தது விவிலியத்தை உயர்த்த அன்று. புயல்களைப் பற்றிக் கட்டுரை படிக்க.

காற்றின்மீது அவருக்கிருந்த அக்கறை ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. இருபத்துமூன்று வயதில் பீகிள் கப்பலின் தலைமை அவரிடம் வந்தது. சில வாரங்களில், 1829ஆம் ஆண்டு சனவரியில், தென்னமெரிக்கக் கரையோரம் பாம்பெரோ என்று அங்குள்ளார் அழைக்கும் சூறைக்காற்று கப்பலைத் தாக்கிற்று. இரு மாலுமிகள் கடலில் விழுந்து மாண்டனர். காற்றழுத்தமானியின் பாதரசம் முன்னமே இறங்கிக் காட்டியிருந்தது. தலைவர் அதற்குச் செவி சாய்க்கவில்லை. அதன்பின் அந்தக் கண்ணாடிக் குழாயை அவர் ஒரு நாளும் அலட்சியம் செய்ததில்லை.

1854இல், மன்றம் சிரித்த அதே ஆண்டில், வணிக வாரியத்தின் கீழ் ஒரு சிறு வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்கள். கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டிப் புள்ளிவிவரம் தொகுப்பது வேலை. முன்னறிவிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. பிட்ஸ்ராய் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. ஏழை மீனவர் துறைகளுக்குக் காற்றழுத்தமானிகளை அனுப்பி, படிப்பறியாதவனும் பார்த்துத் தெளியும்படி எளிய விதிகளை எழுதி வைத்தார்.

1859ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ராயல் சார்ட்டர் என்ற நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தது. மெல்போர்னில் தங்கம் தோண்டிப் பொருள் சேர்த்தவர்கள், மனைவி மக்களோடு, இடுப்பிலே பொன்னைக் கட்டிக் கொண்டு, இரண்டு மாதக் கடலைக் கடந்து, லிவர்பூலை நெருங்கிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் ஓடினால் வீடு! 26ஆம் நாள் விடியலில், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவுப் பாறைகளிலே புயல் அந்தக் கப்பலை மோதி உடைத்தது. கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். அதே புயலில் அந்தத் தீவு நாட்டைச் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் அழிந்தன.

நாடு அழுதது, திருச்சபைகளில் இறைவன் திருவுளம் என்று கூறி வேண்டுதல் நடந்தது. பிட்ஸ்ராயும் அந்த வேண்டுதலில் கலந்து கொண்டிருப்பார், ஐயமில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. கலங்கரை விளக்கங்களிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் அந்த நாட்களின் குறிப்புகளை வரவழைத்தார். எந்த மணியில் எங்கே காற்று எத்திசையில் வீசிற்று, பாதரசம் எவ்வளவு இறங்கிற்று என்று நிலப்படத்தில் குறித்தார். புயல் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததன்று. நாட்டின் குறுக்கே நடந்து சென்றிருக்கிறது! தெற்கே அது அடித்தபோதே வடக்கே உள்ளவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லுவதற்கு ஒரு கருவியும் வந்துவிட்டிருந்தது: தந்தி. மனித வரலாற்றில் முதன்முறையாகக் காற்றைவிட விரைவாகச் செய்தி ஓடத் தொடங்கிய காலம் அது.

பிரான்சு நாட்டிலும் இதே எண்ணம் அரும்பியிருந்தது. 1854 நவம்பரில் கருங்கடலில் பாலக்லாவா அருகே ஒரு புயல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கலங்களை அழித்தது. அதை ஆராயப் பணிக்கப்பட்ட லெவெரியே, அந்தப் புயல் ஐரோப்பாவைக் கடந்தே வந்தது என்று கண்டு, தந்தி வலை அமைக்கும் வேலையில் இறங்கினார். நெப்டியூன் கோளைத் தாளிலே கணக்கிட்டுக் கண்டுபிடித்தவரும் அவரே.

1861ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிட்ஸ்ராயின் முதல் புயல் எச்சரிக்கை தந்தியில் பறந்தது. தந்தி துறைமுகத்துக்கு வரும். கடலில் நிற்கும் மீனவனுக்கு யார் சொல்வது? அதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. வளையங்களின்மேல் கித்தான் துணி போர்த்து, கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூண்டுகள் செய்தார். கம்பத்தில் ஏற்றினால் தொலைவிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே உருவம் தெரியும். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிலிருந்து கடுங்காற்று, கீழ்நோக்கினால் தெற்கிலிருந்து. எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம். இன்று நம் நாளேடுகளில், "நாகை, கடலூர், பாம்பன் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று படிக்கிறோமே, அந்தக் கூண்டின் பாட்டன் இதுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் டைம்ஸ் நாளேட்டில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அடுத்த இரு நாட்களுக்கு நாட்டின் வடக்கே மிதமான மேல்காற்று, மேற்கே மிதமான தென்மேல்காற்று, தெற்கே சற்று வலுத்த மேல்காற்று. எங்கும் வானம் தெளிவு. இவ்வளவே. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, வரும் நாட்களுக்கு வானிலை சொல்லி, நாளேட்டில் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட முதல் முன்னறிவிப்பு! பத்துப் பதினைந்து நிலையங்களிலிருந்து காலையில் தந்திகள் வரும். அவற்றை ஒப்பிட்டு, திருத்தி, மனத்திலே படம் வரைந்து, நண்பகலுக்குள் அறிவிப்பை எழுதி அனுப்பியாக வேண்டும்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலே அவர் காட்டிய எச்சரிக்கையைத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். தீர்க்கதரிசனம் என்ற சொல்லையும் ஆரூடம் என்ற சொல்லையும் அவர் ஒதுக்கினார். அறிந்தவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பெற்ற கருத்து என்ற பொருளில், இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை வானிலைக்கு உரியதாக்கியவர் அவரே. இது கருத்து, கட்டளை அன்று. தவறக்கூடும், தவறினால் ஏன் என்று பார்ப்போம் என்ற பணிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நம் பஞ்சாங்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஆண்டு ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மேகாதிபதி இன்னார், ஆகவே மழை இத்தனை மரக்கால், அதிலே கடலுக்கு இத்தனை பாகம், மலைக்கு இத்தனை பாகம், மண்ணுக்கு இத்தனை பாகம்! கடலில் பெய்ததை யார் மரக்கால் வைத்து அளந்தார்? எந்த ஊரில், எந்த நாளில் என்று சொல்லாத வாக்குப் பொய்க்க வழியே இல்லை. பொய்க்க வழியில்லாத வாக்கு மெய்யாவதற்கும் வழியில்லை. ஈசல் பறப்பதையும் எறும்பு முட்டை சுமப்பதையும் கண்டு மழை சொல்லும் உழவனையும், கொண்டல், வாடை, கோடை, தென்றல் என்று காற்றுக்குத் திசைப்பெயர் வைத்து வாழ்ந்த நம் முன்னோரையும் நான் இதோடு சேர்க்கவில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். மேகாதிபதியை எவர் கண்டார்?

பிட்ஸ்ராய் நாளும் இடமும் குறித்துச் சொன்னார். ஆகவே நாள்தோறும் மாட்டிக் கொண்டார். பலித்த நாளில் விக்டோரியா அரசியார், கடல் கடந்து வைட் தீவுக்குப் போகலாமா என்று அவர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார். பொய்த்த நாளில் ஊர் கைகொட்டிற்று. அறிவிப்பை அச்சிட்ட டைம்ஸ் ஏடே, பொய்த்தால் தான் பொறுப்பன்று என்று எழுதிக் கைகழுவிற்று. மீன்பிடிக் கலங்களின் முதலாளிகளுக்கோ வேறு கோபம். கூண்டு ஏறினால் தொழிலாளி கடலுக்குப் போக மறுக்கிறான். ஒரு நாள் வருவாய் போகிறது! உயிர் போகிறவன் தொழிலாளி, இழப்பைக் கணக்கிடுகிறவன் முதலாளி. இந்தக் கணக்கு எந்த நாட்டில் இல்லை?

அறிவியலாரும் அவருக்குத் துணை நிற்கவில்லை. காற்றை இயக்கும் விதிகளைக் கண்டுபிடிக்காமலே அறிவிப்பது ஆரூடக்காரன் வேலை என்றனர். இதில் நியாயம் ஓரளவு உண்டு. நிலவின் ஈர்ப்பு வானிலையை ஆட்டுகிறது என்பது போன்ற உறுதிப்படாத கருத்துகளை அவரும் தம் நூலிலே கலந்து வைத்திருந்தார். ஆனால் கடலிலே கலம் நிற்கும்போது, விதி முழுதும் விளங்கட்டும், பிறகு எச்சரிக்கலாம் என்று காத்திருக்க அவரால் இயலவில்லை. எனக்குத் தோன்றுவது, இரு தரப்பில் அவரே பெரியவர்.

உடல் தளர்ந்தது, செவி மங்கிற்று, கைப்பொருள் பொதுக் காரியங்களில் கரைந்துவிட்டிருந்தது. 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கழுத்தை அறுத்துக் கொண்டு மாண்டார். அவர் குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு நூறு பவுன் கொடுத்தவர்களில் ஒருவர், ஆக்ஸ்போர்டில் அவர் எந்த நூலை எதிர்த்தாரோ அந்த நூலின் ஆசிரியர் சார்லஸ் டார்வின்.

பிறகு விசாரணைக் குழு அமர்ந்தது. பிரான்சிஸ் கால்டன் அதன் தலைவர். அறிவியல் அடிப்படை போதாது என்று தீர்ப்பு வந்தது. 1866இல் நாளேட்டு அறிவிப்பும் நின்றது, கூண்டுகளும் இறங்கின. அப்போதுதான் ஒரு வியப்பு நேர்ந்தது. படித்தவர்கள் சும்மா இருந்தார்கள், துறைமுகங்கள் கொதித்தெழுந்தன. கூண்டு வேண்டும், பழைய எச்சரிக்கை வேண்டும் என்ற குரல் கரையெங்கும் எழுந்தது. அடுத்த ஆண்டே எச்சரிக்கைகள் திரும்பின. நாளேட்டு முன்னறிவிப்பு திரும்புவதற்கு 1879 வரை ஆயிற்று.

இந்தக் கதை நடந்து கொண்டிருந்தபோதே நம் கடல் என்ன செய்தது? 'சைக்ளோன்' என்ற சொல்லையே உலகுக்குத் தந்தது வங்கக்கடல்தான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், சுருண்டு சுழலும் இந்தப் புயல்களுக்கு 1848இல் சூட்டிய பெயர் அது. ஆனால் பெயர் வைத்தது போல் எச்சரிக்கை வைக்க ஆட்சியாளர் விரையவில்லை. 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் புயலும் கடலும் சேர்ந்து விழுங்கின. ஏறத்தாழ 60,000 மக்கள் மடிந்தனர். ஒரு மாதம் ஆகுமுன், நவம்பர் முதல் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மசூலிப்பட்டினத்தைக் கடலலை வாரியது. மாண்டவர் சுமார் 30,000. இவ்வளவு பிணங்களுக்குப் பிறகு, 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அதுவும் துறைமுகத்துக்கு, அதாவது கப்பலுக்கு. 1875இல் ஹென்றி பிளான்போர்டு தலைமையில் இந்திய வானிலைத் துறை அமைந்தது. சென்னை நுங்கம்பாக்கத்திலோ 1792ஆம் ஆண்டிலேயே வானாய்வுக் கூடம் கட்டி, வெப்பமும் மழையும் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள். அளந்து வைத்த ஏடு இருந்தது; அதைக் கரையோரக் குடிசைக்குப் பயன்படுத்தும் மனம்தான் இல்லை.

விதிகளைக் கண்டு கணக்கிட வேண்டும் என்று சொன்னார்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. லூயிஸ் ரிச்சர்ட்சன், போரை வெறுத்த குவேக்கர். முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்சில் காயம்பட்டோரை ஏற்றும் வண்டி ஓட்டினார். குண்டுகளுக்கிடையே, வைக்கோற் குவியலின்மேல் தாளை விரித்து, 1910 மே 20ஆம் நாளின் ஆறு மணி நேர வானிலையைக் கணிதத்தால் கணக்கிட்டார். ஆறு மணி நேரத்துக்கு ஆறு வாரம்! விடையோ படுதோல்வி: காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது, உண்மையில் அன்று அது அசையவே இல்லை. கையெழுத்துப்படி போர்க்களத்தில் தொலைந்து, பல திங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிலே கிடைத்தது. 1922இல் அந்தத் தோல்வியை ஒரு புள்ளி விடாமல் அச்சிட்டார். பிழைத்தது சமன்பாடு அன்று, தொடக்கத்தில் கொடுத்த அளவுகளே என்று பின்வந்தோர் கண்டதற்கு, அவர் மறைக்காததே காரணம். 64,000 பேர் ஒரு பெரிய அரங்கில் அமர்ந்து கணக்குப் போட்டால் வானிலையை எட்டிப் பிடிக்கலாம் என்பது அவர் கண்ட கனவு. 1950இல் எனியாக் என்ற மின்னணுப் பொறி, இருபத்துநான்கு மணி நேர வானிலையை ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரத்தில் கணக்கிட்டுத் தந்தது. முதியவர் ரிச்சர்ட்சன் அதைக் காண உயிரோடிருந்தார்.

கணிப்பொறி வந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? அதுவும் இல்லை. 1961இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு லாரன்ஸ், 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று பொறியில் இட்டுவிட்டுக் காப்பி அருந்தப் போனார். திரும்பி வந்தால், பொறி காட்டிய வானிலை பழைய கணக்குக்குச் சிறிதும் தொடர்பில்லாமல் எங்கோ போயிருந்தது. அளவில் மயிரிழைப் பிழை, நாள் ஏற ஏற மலையாகிறது. ஆகவே நாள்வாரியான முன்னறிவிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரமே எல்லை என்பது அறிவியலே தனக்கு வகுத்துக் கொண்ட வேலி. ஆண்டு முழுவதற்கும் நாள் குறித்து மழை சொல்பவர் எவரோ, அவர் எந்த வேலியைத் தாண்டி வந்தார் என்று கேளுங்கள். புயல் வரும் நாட்களில் வானிலைத் துறை வெளியிடும் படத்தில் பாதை வரவர விரிந்து கூம்பாகத் தோன்றுகிறதல்லவா? அந்த விரிவு அறியாமையை மூடி மறைப்பதன்று. அறியாமையை அளந்து காட்டுவது. கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஊரும் ஆயத்தமாக வேண்டும் என்பது அதன் பொருள். நடுக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, "நமக்கில்லை" என்று படகை இறக்குவதுதான் ஆபத்து.

அறிவிப்பு மட்டும் உயிரைக் காக்காது என்பதும் நம் கரை கற்ற பாடம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ஒரு இரயில் வண்டியையே கடல் கொண்டது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதே ஒடிசாக் கரையை 2013 அக்டோபரில் பைலின் என்ற கடும்புயல் தாக்கியபோது, நான்கைந்து நாள் முன்னரே பாதை சொல்லப்பட்டது. பத்து இலட்சம் அளவிலான மக்கள் மேட்டுநிலத்துக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பதினான்கு ஆண்டுகளுக்கு இடையில் கடல் இளகிவிடவில்லை. காப்பகம் கட்டப்பட்டது, சாலை போடப்பட்டது, சொன்னதைக் கேட்டு நடக்க மக்கள் பழக்கப்பட்டார்கள்.

பிரிட்டிஷ் வானொலியில் கப்பல்களுக்கென நாள்தோறும் கடற்பகுதி கடற்பகுதியாக வானிலை படிப்பார்கள். அவற்றுள் பினிஸ்டெர் என்று ஒரு பகுதி. ஸ்பெயின் நாட்டார் அதே பெயரை வேறொரு பகுதிக்கு வழங்கி வந்ததால் குழப்பம் நேர்ந்தது. பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. 2002 பிப்ரவரி முதல் அந்தக் கடலின் பெயர் பிட்ஸ்ராய்.